பல்லு மிஸ்சும் நாலு கடைவாய்ப்பல்லும்

யோகமலருக்குத் தன்னைப் பற்றி மிக நல்ல அபிப்பிராயம் ஒன்று இருந்தது. இருபத்திரண்டு வருடம் அதில் ஒரு கீறல்கூட விழவில்லை. போன வருடம் வைகாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, திருகோணமலை நகரத்து மண்டபம் ஒன்றில், பாதி கடித்த பற்றிஸ் பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போது அது நொறுங்கிப்போனது. மணி, நாள், பற்றிஸ் எல்லாம் இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவளே சொல்லித் திரிகிறாள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கு நேரமும் காதும் இருந்தால் போதும், தான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதைக் குச்சவெளியில் தொடங்கி நகரம் வருமுன் சொல்லி முடித்துவிடுவாள்.

அவளுடைய உத்தியோகப் பெயர் பாடசாலைப் பற்சிகிச்சையாளர். அவ்வளவு நீளமான பெயரைச் சொல்லப் பிள்ளைகளுக்குப் பொறுமை ஏது, அவர்களுக்கு அவள் பல்லு மிஸ். கரையோர வீதியில் ஒரு பாடசாலையின் பின்மூலையில் இரண்டு அறை, ஒரு சாய்கதிரை, ஒரு விளக்கு, ஒரு நீளமான மேசை. சுற்றியுள்ள பாடசாலைகளில் இருந்து மூன்று வயது தொடங்கிப் பதின்மூன்று வயது வரையான வாய்கள் அங்கே வரும். சொத்தை அடைப்பாள், பாற்பல் பிடுங்குவாள், பல் விளக்கப் பழக்குவாள். இதெல்லாம் சம்பளத்துக்காகச் செய்த வேலை. மனதாரச் செய்தது வேறொன்று. தாய்மாருக்கு ஏசுவது.

அதற்கென்று ஒரு முறையே வைத்திருந்தாள். மேசையில் ஒரு பெரிய கண்ணாடிப் போத்தல் இருக்கும். சொத்தைப் பல்லோடு வருகிற பிள்ளை கதிரையில் ஏறுமுன் சட்டைப்பையில் உள்ள ரொபி மிட்டாயை எல்லாம் அதற்குள் போட வேண்டும். தாய் பக்கத்தில் நின்று, இனி வாங்கிக் கொடுக்கமாட்டேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். ரொபியே தின்பதில்லை என்று சொல்லுகிற தாயை யோகமலர் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு நெருப்புக் குச்சி பற்றும் என்று கூட வேலைசெய்பவர்கள் சொல்வார்கள். பிறகு சிவப்புப் பேனையை எடுத்துப் பிள்ளையின் சிகிச்சை அட்டையில் குறிப்பு எழுதுவாள்.

போத்தலில் சேரும் ரொபிக்கு என்ன நடந்தது என்று இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மானம் போயிருக்கும். பின்னேரம் பஸ்ஸில் யன்னல் ஓரம் பிடித்து யோகமலர்தான் அவற்றை ஒவ்வொன்றாகத் தின்று முடித்தாள். தோடம்பழ ரொபி என்றால் ஒன்று நிலாவெளி வரைக்கும் தாங்கும். அவளுடைய மேல்வாயில் இரண்டு கடைவாய்ப்பல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊசிக்குப் பயந்து, அடுத்த கிழமை அடுத்த கிழமை என்று தள்ளிப்போட்டே தொலைத்த பற்கள் அவை.

அந்த வைகாசிக்கு முந்தின ஐப்பசியில் உம்மு குல்சும் என்கிற பெண் தன்னுடைய ஏழு வயது மகள் நுஸ்ஹாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். குச்சவெளிக் கடற்கரையில் வீடு, புருசன் ஜெமீல் மீன்பிடிக்கிறவர். பிள்ளைக்குப் புதிதாக முளைத்த நாலு கடைவாய்ப்பல்லும், மேலே இரண்டு கீழே இரண்டு, பல் ஈறான முரசை விட்டு வெளியே வரும்போதே மஞ்சளும் மண்ணிறமுமாக இருந்தன. ஓரங்கள் தேத்தண்ணியில் ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்ந்தன. காற்றுப் பட்டாலே பிள்ளை துள்ளி எழும்பியது.

"ரொபி தாறேல்ல மிஸ். அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றன், வீட்டுல வாங்கிறதே இல்ல" என்றாள் உம்மு குல்சும்.

யோகமலர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள். "அப்ப உங்களுக்குத் தெரியாமத் தின்னுறா."

கதிரையில் கிடந்த நுஸ்ஹா வாயில் பஞ்சோடு தலையை ஆட்டினாள். பஞ்சை எடுத்ததும், "நான் திண்ணல்ல" என்றாள்.

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுறவை. பல்லு பொய் சொல்லாது" என்றாள் யோகமலர். இந்த வசனத்தில் அவளுக்கு அப்போது அப்படியொரு பெருமை. அட்டையில் சிவப்பில் எழுதினாள்: கடும் இனிப்புப் பழக்கம். பிள்ளை மறைக்கிறது. தாய்க்குக் கவனம் இல்லை.

எழுதியது போதாது என்று ஆலோசனையும் கொடுத்தாள். "கல்சியம் காணாது. நெத்தலியை முள்ளோட குடுங்கோ. முட்டை குடுங்கோ, பால் குடுங்கோ. பல்லு இறுகும்."

அடைத்த அடைப்பு இரண்டு கிழமையில் விழுந்துவிட்டது. இரண்டாம் தரம் அடைத்தாள், அதுவும் விழுந்தது. தன் கைவேலையில் பிழை இருக்கும் என்று அவளுக்கு நினைக்க வரவில்லை, பல்லில் வேறு ஏதாவது இருக்கும் என்றும் நினைக்க வரவில்லை. ஒட்டுகிற ரொபி தின்றால் அடைப்புக் கழலும் என்று இன்னும் ஒருமுறை ஏசினாள். அப்போதும் நுஸ்ஹா, "நான் திண்ணல்ல மிஸ்" என்றாள். மூன்றாம் தவணைக்கு அவர்கள் வரவில்லை. அட்டையும் தாயின் கையிலேயே போய்விட்டது. யோகமலர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு தொல்லை குறைந்தது என்று நினைத்தாள்.

அந்த வைகாசிச் சனிக்கிழமைக்கு வருவோம். மாவட்டத்துப் பற்சிகிச்சையாளர் எல்லாருக்கும் ஒருநாள் பயிற்சி. விரிவுரைக்கு வந்தவர் டொக்டர் துசானி, பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கிறவர், யோகமலரின் மகள் வயது. இந்தப் பிள்ளை நமக்கு என்னத்தைப் புதிதாகச் சொல்லப்போகிறது என்ற நினைப்போடு யோகமலர் கடைசி வரிசையில், தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்துக் கதிரையைத் தெரிந்தெடுத்தாள். முதல் படம் திரையில் விழுந்தபோது பற்றிஸ் வாயில் இருந்தது. திரையில் இருந்தது நுஸ்ஹாவின் வாய்.

நுஸ்ஹாவுடையது அல்ல, எங்கோ வேறு நாட்டுப் பிள்ளை ஒன்றின் வாய். ஆனால் அதே நாலு பல், அதே மஞ்சள், அதே உதிர்ந்த ஓரம்.

"இதைப் பார்த்தவுடன நாங்கள் என்ன சொல்லுவம்? இனிப்பு எண்டு சொல்லுவம்" என்றார் துசானி. மண்டபத்தில் சிரித்தார்கள். யோகமலரும் சிரித்துவைத்தாள். "இது இனிப்பால வந்ததில்லை. இந்தப் பல்லு முரசுக்குள்ள இருக்கேக்கயே பழுதாப்போச்சு."

பிறகு அவர் பல்லைக் கட்டுகிற கலங்களை, அதாவது உயிரணுக்களைப் பற்றிச் சொன்னார். பல்லின் மேல்மூடியான எனாமலைக் கட்டுவது ஒரே ஒரு வரிசைக் கலங்கள். தோளோடு தோள் ஒட்டி நிற்கும். அவற்றின் ஒரு பக்கத்தில் இரத்தம், மறுபக்கத்தில் வளருகிற பல். முதலில் மெத்தென்ற ஒரு சட்டத்தைப் புரதத்தால் போடும். பிறகு அந்தப் புரதத்தை வெளியே எடுத்துக்கொண்டே அந்த இடத்தில் கல்சியத்தை நிரப்பும். இரத்தத்தில் உள்ள கல்சியம் இந்தக் கலங்களின் ஊடாகப் போய்த்தான் பல்லில் சேர வேண்டும். இவ்வளவும் யோகமலர் பயிற்சிக் கல்லூரியில் படித்தது, பரீட்சை எழுதியது, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியது.

தெரியாதது இனித்தான் வந்தது. கலத்துக்குள் கட்டுப்பாடில்லாமல் அலையும் கல்சியம் அந்தக் கலத்தையே கொன்றுவிடும். வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைத்தான் கலம் தனக்குள் சுதந்திரமாகத் திரிய விடும். ஆனால் பல்லுக்கோ அதை அள்ளி அள்ளிக் கொடுக்க வேண்டும். கலம் என்ன செய்கிறது? தனக்குள்ளே பை போல ஒரு சேமிப்பறை வைத்திருக்கிறது. அறையில் கல்சியம் குறைந்தால் அதைக் கண்டுபிடிக்க ஒரு காவல்காரப் புரதம் உண்டு. அது போய்க் கலத்தின் சுவரில் உள்ள வாசலைத் தட்டும், வாசல் திறக்கும், வெளியே இருந்து கல்சியம் உள்ளே வரும், வந்த கையோடு அறைக்குள் பூட்டப்படும். மறுபக்கச் சுவரில் உள்ள பம்பிகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லின் பக்கம் தள்ளும். அந்த வாசல் திறக்காத பிள்ளைகளும் உலகத்தில் இருக்கிறார்களாம். பிறவியிலேயே அப்படி, அவர்களுடைய எனாமல் இறுகுவதே இல்லை.

யோகமலர் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் பிறந்தது தம்பலகாமத்தில். சின்ன வயதில் அடுப்பு அணைந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போய்த் தேங்காய்ச் சிரட்டையில் சாம்பலைப் பரப்பி, அதற்கு மேலே தணல் வைத்து எடுத்துவர வேண்டும். தணல் இல்லாவிட்டால் சோறில்லை. கையில் விழுந்தால் கை போச்சு. அந்தக் கலங்கள் வருடக்கணக்கில் செய்வது இந்த வேலைதான் என்று அவளுக்குப் பட்டது. பட்டவுடன் பற்றிசை மடியில் வைத்துவிட்டாள்.

"பிறந்ததில இருந்து மூண்டு வயது வரைக்கும் இந்த நாலு பல்லுக்கும் எனாமல் இறுகிற காலம். அந்த நேரம் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் மாதிரி ஏதும் வந்தா இந்தக் கலங்கள் தடுமாறிப்போகும் எண்டு நினைக்கினம். காரணம் முழுசா இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. கல்சியம் குறையும், எடுக்க வேண்டிய புரதம் உள்ளேயே நிண்டுவிடும். பிள்ளை ஏழு வயதில வாயைத் திறக்கேக்க நாங்கள் ரொபி எண்டு ஏசுவம்" என்றார் துசானி.

யோகமலர் கையை உயர்த்தினாள். ஏன் உயர்த்தினாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு வாசலாவது திறந்திருக்காதா என்று தேடியிருப்பாள்.

"டொக்டர், அப்படிப்பட்ட பிள்ளைக்கு இப்ப நெத்தலி குடுத்தா? கல்சியம் கூடின சாப்பாடு?"

"எலும்புக்கு நல்லது மிஸ். ஆனா வெளியில வந்த பல்லுக்குள்ள அதைக் கொண்டுபோக ஆள் இல்லை. அந்தக் கலங்கள் வேலை முடியச் செத்துப்போகும். மிச்சம் இருக்கிறதும் பல்லு முளைக்கேக்க தேய்ஞ்சு போயிடும். பிறகு வாழ்நாளுக்கும் வராது."

"அடைப்பு விழுந்தா?"

"விழும். பிடிக்கிறதுக்கு எனாமலில பலம் இல்லையே. பல்லு முழுசையும் மூடி உருக்குத் தொப்பி போட வேணும். ஆனா பல்லுத் தண்டு முரசுக்கு மேல நிக்கேக்கயே பிள்ளையைக் கொண்டுவர வேணும். உதிரத் தொடங்கினா மாதக் கணக்குத்தான். பிந்தினா பிடுங்கிறதைத் தவிர வேற வழியில்லை."

யோகமலர் விரலை மடித்து எண்ணினாள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. ஏழு விரல் மடிந்தது.

வீட்டுக்கு வந்து புருசன் சிவகுருநாதனிடம் சொன்னாள். அவர் துறைமுகத்தில் இழுவைப் படகின் எஞ்சினோடு காலம் தள்ளுகிறவர், அதிகம் கதைக்கமாட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, "பல்லு பொய் சொல்லாது எண்டு சொன்னனீ. அது பொய் சொல்லேல்லத்தான். நீதான் அதுக்கு மொழிபெயர்ப்பு எழுதினனீ" என்றார். இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது. அவளுக்குக் கோபம் வந்தது.

திங்கட்கிழமை பதிவுப் புத்தகத்தில் இருந்த இலக்கத்துக்கு நாலு தரம் அழைத்தாள். ஒருவரும் எடுக்கவில்லை. துசானிக்கும் அழைத்தாள், பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், "ஒரு கேஸ் இருக்கு டொக்டர்" என்று மட்டும் சொன்னாள். புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கொண்டுவரச் சொன்னார், பழைய அட்டையையும் கொண்டுவர வேண்டும் என்றார். அப்போதுதான் யோகமலருக்கு ஞாபகம் வந்தது. அட்டை! கடும் இனிப்புப் பழக்கம். பிள்ளை மறைக்கிறது. அவளுடைய கையெழுத்து, அதுவும் சிவப்பில், மகள் வயதுப் பெண்ணின் மேசையில் விரிந்து கிடக்கப்போகிறது.

இந்த இடத்தில் அவளைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுக் குச்சவெளிக்குப் பஸ் ஏறிய யோகமலரின் கைப்பையில் ஒரு கிலோ முந்திரிகைப் பழமும், எழுத்தை அழிக்கப் புதிதாக வாங்கிய டிப்பெக்ஸ் போத்தல் ஒன்றும் இருந்தன. பிள்ளையின் பல்லுக்காகவும் போனாள், தன்னுடைய மானத்துக்காகவும் போனாள். எது முன்னுக்கு என்று அவளிடம் கேட்டால் இன்றைக்கும் நேராகப் பதில் சொல்லமாட்டாள்.

வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. வீட்டைச் சுற்றியிருந்த வளவில் பூவரச மரத்துக்குக் கீழே ஜெமீல் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். உரப்பையை விரித்து நெத்தலி காயப்போட்டிருந்தது. உம்மு குல்சும் வெளியே வந்து பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. என்றாலும் வந்தவருக்குச் செய்யவேண்டியதைச் செய்தாள், கதிரை கொண்டுவந்து போட்டாள், தேத்தண்ணி கொண்டுவந்தாள். அடுப்படிக் குசினிக்குப் போனவள் ஒரு போத்தலையும் கையோடு எடுத்துவந்து யோகமலருக்கு முன்னால் வைத்தாள். அதற்குள் சாம்பல் நிறத்தில் தூள்.

"நெத்தலித் தூள் மிஸ். நீங்க சொன்ன மாதிரியே. முள்ளோட வறுத்து இடிச்சு வைக்கிறன். காலையில ஒரு கரண்டி, ராவைக்கு ஒரு கரண்டி. ராவைக்குப் பல்லுலயும் பூசி விடுறன். ஏழு மாசமா ஒரு நாளும் விட்டதில்ல. ஆனாப் பல்லு உதிர்ந்துக்கிட்டேதான் இரிக்கி. இன்னும் கூடக் குடுக்கணுமா?"

யோகமலர் தேத்தண்ணியைக் குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் இருந்தாள். உம்மு குல்சும் ஏசிக்கொண்டு வருவாள், கதவைச் சாத்துவாள் என்றெல்லாம் நினைத்து அதற்குத் தயாராக வந்தவள். தன்னுடைய சொல்லை வேதவாக்காக எடுத்து உரலில் இடித்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம் என்ன கதைப்பது என்று அவள் தயார்பண்ணவில்லை.

"தங்கச்சி, அதை நிப்பாட்டுங்கோ. நெத்தலியால இந்தப் பல்லுக்கு ஒண்டும் செய்ய ஏலாது" என்றாள்.

"நீங்கதானே சொன்ன?"

"ஓம். நான்தான் சொன்னனான். எனக்குத் தெரியாமச் சொன்னனான்."

பிறகு விளங்கப்படுத்தத் தொடங்கினாள். மண்டபத்தில் கேட்டபடி கலம், புரதம், வாசல் என்று தொடங்கி, இரண்டு நிமிடத்தில் தானே சிக்கிக்கொண்டாள். உம்மு குல்சும் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் யோகமலர் குசினிப் பக்கம் கையைக் காட்டி, சிரட்டையில் தணல் கொண்டுபோகிற கதையைச் சொன்னாள். பல்லுக்கு அந்தத் தணல் வேண்டும், ஆனால் அதைச் சுடாமல் கொண்டுபோய்க் கொடுக்கச் சின்னச் சின்ன ஆட்கள் வேண்டும், அந்த ஆட்கள் பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதுதான் வேலைசெய்கிறார்கள், பல் முளைத்த பிறகு அவர்களில் ஒருவர்கூட இல்லை என்றாள்.

"இப்ப வாய்க்குள்ள எவ்வளவு தணலைக் கொட்டினாலும் கொண்டுபோக ஆள் இல்லை தங்கச்சி. பிள்ளைக்குச் சின்னனில கடும் காய்ச்சல் ஏதும் வந்ததே?"

உம்மு குல்சும் யோசிக்கவே இல்லை. "எட்டு மாசத்துல. டெங்கு. பதினோரு நாள் பெரியாஸ்பத்திரில வச்சிருந்த." சொல்லிவிட்டு நிறுத்தினாள். முகம் மாறியது. "அப்ப அதுவும் எண்ட குத்தமா? நான் நுளம்பு வலை போடாம உட்டதாலயா?"

யோகமலர் ஒரு குற்றத்தை இறக்கி வைக்க வந்து அடுத்ததைத் தூக்கி வைத்துவிட்டாள். "இல்லை, இல்லை. காய்ச்சலாலதான் வந்தது எண்டும் ஒருத்தராலயும் அடிச்சுச் சொல்ல ஏலாது. ஒருத்தற்ற குற்றமும் இல்லை. உங்கட குற்றம் இல்லை. ரொபியும் இல்லை. அவ ரொபி தின்னேல்ல. அவ சொன்னது உண்மை."

உம்மு குல்சும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். வலை பொத்திக்கொண்டிருந்த ஜெமீல் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் அவவுக்கு அடிச்சன் மிஸ்" என்றாள் மெதுவாக. "நீங்க படிச்சவங்க, நீங்க பொய் சொல்லுவீங்களா? பல்லப் பாத்தாத் தெரியுது எண்டு சொன்னீங்க. அவ எனக்கிட்டப் பொய் சொல்றா எண்டு நினைச்சன். ஒவ்வொரு நாளும் புத்தகப் பையக் கொட்டிப் பாப்பன். ஒண்டும் இரிக்காது, எங்க ஒளிச்சு வச்சிருக்காய் எண்டு ஈக்கிலால அடிப்பன். நோம்புப் பெருநாளைக்கு எல்லாப் புள்ளையளும் இனிப்பா வட்டிலப்பம் திண்ட. இவவுக்கு ஒரு துண்டும் குடுக்கல்ல. வாசல்ல இருந்து பாத்துக்கொண்டே இருந்தா. அழவும் இல்ல."

யோகமலர் பஸ்ஸில் வரும்போதே ஒரு மன்னிப்பைத் தயார்பண்ணி வைத்திருந்தாள். நல்ல அளவான மன்னிப்பு, தன்னுடைய பதவிக்கும் பெரிய சேதம் வராதது. அதில் ஒரு சொல்லும் வரவில்லை. "தங்கச்சி, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று மட்டும் சொன்னாள். கண் கலங்கி மூக்கும் ஒழுகியது. மூக்குத் துடைக்கிற லேஞ்சியைத் தேடிக் கைப்பைக்குள் கையை விட்டால் டிப்பெக்ஸ் போத்தல்தான் அகப்பட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது! மறுபடி உள்ளே தள்ளிவிட்டுச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"நாளைக்குக் காலம எட்டு மணிக்குப் பெரியாஸ்பத்திரிக்கு வாங்கோ. தொப்பி போட்டுப் பல்லைக் காப்பாத்தலாம். இன்னும் தள்ளிப்போனா ஏலாமப் போயிடும்."

உம்மு குல்சும் தலையை ஆட்டினாள். அது சம்மதம் இல்லை. "அவ இனிப் பல்லுக் கதிரையில ஏறமாட்டா மிஸ். வாய திறக்கச் சொன்னாலே கட்டிலுக்குக் கீழ போயிடுவா. நான் இனி அவவ இழுத்துக்கொண்டு எங்கயும் வரமாட்டன். மன்னிப்ப எனக்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அவவிட்டச் சொல்லுங்க."

குர்ஆன் ஓதப் போயிருந்த நுஸ்ஹா நாலரைக்கு வந்தாள். வேலிப் படலையைத் திறந்தவள் யோகமலரைக் கண்டதும் நின்றாள். பர்தாவின் நுனியைச் சுருட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். யோகமலர் கதிரையை விட்டு எழும்பினாள். முழங்கால் வலிக்காரி, என்றாலும் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்தாள்.

"நுஸ்ஹா, நீங்கள் ரொபி தின்னேல்ல. நீங்கள் சொன்னது உண்மை. நான்தான் பிழையாச் சொன்னனான்."

பிள்ளை அவளை ஏற இறங்கப் பார்த்தது. இருபத்திரண்டு வருடமாகத் தாய்மாரைத் தான் பார்த்த பார்வை இப்படித்தான் இருந்திருக்கும் என்று யோகமலருக்குத் தோன்றியது. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் அப்பவே சொன்னன்" என்றாள் நுஸ்ஹா துணிக்குள்ளால்.

"ஓம்."

"ரெண்டு தரம் சொன்னன்."

"ஓம் பிள்ளை. ரெண்டு தரமும் நான் நம்பேல்ல."

நுஸ்ஹா தாயைத் திரும்பிப் பார்த்தாள். தாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளை பூவரச மரத்துப் பக்கம் விரலை நீட்டியது. "வாப்பாக்குக் கேக்கல்ல. வாப்பாக்கும் சொல்லுங்க."

யோகமலர் நிமிர்ந்து, வளவுக்குக் குறுக்காகச் சத்தம் போட்டுச் சொன்னாள். உங்கள் மகள் பொய் சொல்லவில்லை, அவள் ஒருநாளும் ஒளித்துத் தின்னவில்லை, பிழை முழுவதும் என்னுடையது என்றாள். பக்கத்து வேலிக்கு மேலால் இரண்டு தலைகள் தெரிந்தன. அவர்களுக்கும் கேட்கட்டும் என்று இன்னொருமுறை சொன்னாள். ஜெமீல் ஊசியை வலையில் குத்திவிட்டு எழும்பி வந்து மகளின் தலையில் கையை வைத்தார். உம்மு குல்சும் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். நுஸ்ஹா அழவில்லை. தாயின் முதுகில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அழுகை ஓய்ந்த பிறகு நுஸ்ஹா தானே வந்து யோகமலருக்கு முன்னால் நின்று பர்தா நுனியை வாயில் இருந்து எடுத்தாள். ஒருவரும் கேட்காமலே வாயைத் திறந்தாள்.

யோகமலர் கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தாள். மேலே இரண்டும் தேய்ந்திருந்தன, ஆனால் நின்றன. கீழே இடப்பக்கத்துப் பல்லும் நின்றது. வலப்பக்கத்துப் பல் முரசு மட்டத்தில் உடைந்து, நடுவில் கறுத்துக் கிடந்தது. ஐப்பசியில் அதற்கும் நல்ல தண்டு இருந்தது. அவள்தான் இரண்டு தரம் அடைத்தாள், அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

பிள்ளைக்குப் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "மூண்டு பல்லைக் காப்பாத்தலாம். இது ஒண்டு போயிட்டுது நுஸ்ஹா. நான் உங்களை நம்பியிருந்தா இதுவும் நிண்டிருக்கும்."

நுஸ்ஹா வாயை மூடினாள். நாக்கை உள்ளே அந்தப் பக்கம் கொண்டுபோய்த் தடவிப் பார்ப்பது கன்னத்தில் தெரிந்தது.

"நாளைக்கு வாறன்" என்றாள். "நீங்களும் வரணும். அந்த டொக்டர் என்னத்துக்குப் பல்லு உடைஞ்ச எண்டு கேப்பாங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீங்க சொல்லுங்க."

"நான் சொல்லுறன்" என்றாள் யோகமலர். "நான் எழுதின அட்டையையும் அப்படியே கொண்டுவாங்கோ."